நகராத குடம்

என் லெச்சுமி அக்காவுக்கு,

இன்று காலை குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்குப் பின்னால் வந்த குடங்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டிருந்தன.

நீ காய்ச்சலில் செத்துப்போன அடுத்த மாதம் அப்பாவுக்குத் தலவாக்கலை ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டோம். அரிசிக் கூப்பனைக்கூட இங்கே மாற்றியாயிற்று. இனித் திரும்பிப் போகிற பேச்சில்லை.

நான் ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறேன். அவர்கள் பேசுகிற தமிழ் பாதி விளங்காது. தலையாட்டிவிட்டு வருவேன். சாயந்திரம் உடம்பெல்லாம் அசந்துவிடும், அக்கா. கொழுந்து எடுத்த நாட்களில் இவ்வளவு அசதி இல்லை. பக்கத்து நிரையில் நீ பேசிக்கொண்டே வருவாய், அதனாலோ?

அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி நம் தலையில் கூடையை மாட்டிய அன்று, கங்காணியிடம் என் பேரைக்கூட நீதான் சொன்னாய். இரண்டு பேருக்கும் சேர்த்து நீ பேசிவிடுவாய். தெரியாத ஊரில் ஒருத்தியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று எனக்கு நீ சொல்லவே இல்லையே.

இங்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, முன்குடம் நிறைய நிறைய அவரவர் குடத்தை நகர்த்த வேண்டும். கூட்டத்துக்குள் போகக் கூச்சப்பட்டு நான் சுவரோரமாக நிற்பேன். ஆனாலும் என் குடம் நகர்ந்துகொண்டே இருக்கும். மேரி என்று ஒருத்தி, என் வயதுதான், வேதக்கார வீட்டுப் பிள்ளை. தன் குடத்தோடு என்னுடையதையும் தள்ளி வைப்பாள். "ஏ புள்ள, ஒங் கொடம் ஒன்னய விட்டுட்டுத் தனியா வீட்டுக்குப் போயிரும் போல" என்பாள். நான் சிரிப்பேன். அவ்வளவுதான். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

நேற்று அவளே என் குடத்தை நிரப்பி வைத்திருந்தாள். எனக்கு ஒரே அசதி. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, மண்ணை அள்ளிப் போட்டுக் குடத்தைத் தேய்த்தேன். தோட்டத்தில் நம் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விழும் பீலியில் வேறு சாதிக் கை பட்ட குடத்தை அப்படித்தானே செய்வோம்? நிமிர்ந்தபோது மேரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங் கை அழுக்கில்லயே" என்றாள்.

"தோட்டத்து ஆளுகளுக்குக் கொடந்தாம்மா சாமி" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். இந்த ஊரில் என்னோடு பேசுகிற ஒரே ஆள், தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீ இருந்தால் எனக்காகப் போய்ப் பேசியிருப்பாய் என்று நினைத்தேன். பிறகுதான் தோன்றியது, நீயும் அந்த மண்ணை அள்ளியிருப்பாய். இல்லையா, அக்கா? உன்மேல் கோபம் இல்லை. நாம் இரண்டு பேருமே ஏன் என்று கேட்டதில்லை.

இனி எனக்காகப் பேச உன்னைக் கூப்பிட மாட்டேன். என் பேச்சை நானே பேசுவேன். இதை மனசுக்குள் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் இன்று சுவரோரத்தை விட்டு நகர்ந்தேன்.

மேரி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பினாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

"மேரி, கொஞ்சம் தண்ணி ஊத்து. குடிக்க."

"அதான் கொழாயில கொட்டுதே."

"அது வேணாம். ஒங் கொடத்துத் தண்ணி வேணும்."

அவள் என் கையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிச் சாய்த்தாள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
மீனாட்சி