சாதாரண மலேரியா

என் தம்பி நிரோவுக்கு,

நீ போனபிறகு இவ்வளவு நாளும் உன்னோடு நான் கதைக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. சொல்வதற்கு ஒரு பதில் கையில் இல்லாமல் என்னத்தைக் கதைப்பது? இப்போது பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்றும் சில வேளை தோன்றுகிறது. எல்லோரும் வாசிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். உன் மனைவி ஷாமினியிடம் கேட்டுவிட்டுத்தான்.

முதலில் வீட்டு நிலவரம். அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் என்னோடுதான் இருக்கிறார். யார் விசாரித்தாலும் மகனைக் கொண்டுபோனது டெங்கு என்கிறார். "ஏன் அம்மா அப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டெங்கு எண்டா சனத்துக்கு விளங்கும் பிள்ளை. மலேரியா எண்டா, அது இப்ப எங்க இருக்கு எண்டு கேக்கினம். நான் எத்தினை பேருக்கு விளங்கப்படுத்துறது?"

அவர் சொல்வதில் பிழையில்லை. இந்த நாட்டில் மலேரியா இல்லாமல் போய் வருடங்களாகிவிட்டன. நான் மலேரியா ஆய்வுகூடத்தில் வேலை செய்வதை வைத்து, இல்லாத நோய்க்கு உங்களுக்கு ஓர் ஆய்வுகூடம் எதற்கு என்று நீயே என்னைக் கேலி செய்வாய். இங்கே இல்லாவிட்டால் என்ன, விமானத்தில் வரும் என்று நானும் பதில் சொல்வேன். உன்னோடு வரும் என்று நினைத்தேனா?

கிழக்கு ஆபிரிக்காவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குத் தையல் மெஷின் மெக்கானிக்காக நீ போனபோது, மலேரியாத் தடுப்பு மாத்திரைகள் தந்து அனுப்பினேன். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாய். வருடக்கணக்கில் யார் குளிசை குடிப்பது என்று போனில் சிரித்தாய். உன்னோடு வேலை செய்த ஒருவரும் குடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. லீவில் கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஷாமினியோடு இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தாய். பிறகு காய்ச்சல் பிடித்தது. "அக்காவுக்குச் சொல்லாத, ஊசியோட வந்து நிப்பா" என்று அவளிடம் சொன்னாயாம். அவள் கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தந்தாள். பரசிட்டமோல் தந்தாள். காய்ச்சல் விடவில்லை என்றதும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள்.

அந்த மாதம் கொழும்பு முழுக்க டெங்கு. உனக்கும் பிளேட்லட் குறைந்திருந்தது. டெங்குப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தபோது, காய்ச்சல் தொடங்கி நாளானால் அப்படித்தான் காட்டும் என்று சொல்லி சேலைன் ஏற்றினார்கள். இவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று ஷாமினி தாதி ஒருவரிடம் சொன்னாள். "டுபாயா?" என்று கேட்டாராம். "இல்ல மிஸ், ஆபிரிக்கா." "சரி, சரி" என்றுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தச் சொல் டொக்டரிடம் போய்ச் சேராமல் அங்கேயே நின்றுவிட்டது.

நீ ஷாமினியை என் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியபோதுதான் அவள் பயந்துபோய் எனக்குப் போன் எடுத்தாள். நான் வந்து சேர்ந்தபோது உன் கண்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. வார்டிலிருந்த இளம் டொக்டரிடம் கேட்டேன்.

"டொக்டர், மலேரியாவுக்குப் பாத்தனீங்களா?"

"இங்க மலேரியா இல்லையே மிஸ்."

"இவர் ஆபிரிக்காவில இருந்து வந்தவர்."

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். உடனே இரத்தம் எடுக்க ஓடினார். அதற்கு நான் சாட்சி. உன் இரத்தத்தில் ஒரு துளியை ஸ்லைடில் தடவி, நிறமேற்றி, அவர்களுடைய நுணுக்குக்காட்டியில் வைத்து நானே பார்த்தேன். செங்குருதிக் கலங்களுக்குள் மலேரியா ஒட்டுண்ணிகள், சின்னச் சின்ன மோதிரங்களாக. பார்த்த இடமெல்லாம் மோதிரங்கள். இத்தனை வருட வேலையில் அவ்வளவு நிறைந்த ஒரு ஸ்லைடை நான் கண்டதில்லை, நிரோ.

அன்றைக்கே மருந்து வந்தது, ஊசி ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஒட்டுண்ணி குறைந்துகொண்டே வந்தது. நீ கண் திறக்கவில்லை. சிறுநீரகம் நின்றது. பிறகு நுரையீரலில் தண்ணீர் கட்டியது. கடைசி ஸ்லைடில் ஒட்டுண்ணி ஒன்றுமே இல்லை. அன்று மத்தியானம் நீயும் இல்லை.

உன்னைப் பொரளை மயானத்தில் அடக்கம் செய்தபிறகு எங்கள் ஆய்வுகூடப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஊசி போடுவதற்கு முன் எடுத்த உன் இரத்தத்தில் கொஞ்சம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தது. ஆபிரிக்காவில் சில இடங்களில் இந்த மருந்துக்குச் சரியாக அடங்காத ஒட்டுண்ணிகள் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. உன்னுடையதும் அந்த வகையா என்று பார்க்க வேண்டும் என்றார். ஷாமினியிடம் அனுமதி கேட்டேன். "பாருங்க அக்கா. என்னன்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

மருந்துச் சோதனையையும் ஒட்டுண்ணிகளை எண்ணுவதையும் வேறு ஆட்களிடம் கொடுத்தார் பேராசிரியர். அது யாருடைய இரத்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒட்டுண்ணியை வளர்க்கிற வேலை மட்டும் என்னிடம் வந்தது. மனித உடம்பின் சூட்டில், யாரோ தானம் செய்த இரத்தத்தில் அது வளர்ந்தது. நன்றாக வளர்ந்தது. உன்னைத் தின்ற அதற்கு நான் ஒவ்வொரு நாளும் சாப்பாடு மாற்றினேன். வேறு எதையும் நினைக்காமல் கையை மட்டும் பார்த்து வேலை செய்யப் பழகினேன்.

அந்த இளம் டொக்டர் எனக்கு அடிக்கடி போன் எடுத்தார். "ரிசல்ட் வந்திட்டுதா மிஸ்? அது மருந்துக்குக் கேக்காத வகையாத்தானே இருக்கும்?" என்பார். ஷாமினியும் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் ஞாயிறுகளில் அதையே கேட்பாள். தான் கொத்தமல்லித் தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவளை அரித்துக்கொண்டிருந்தன. எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத ஒன்று உன்னைக் கொன்றது என்றால், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஆகிவிடும் அல்லவா?

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "மருந்து பட்டதும் எல்லாம் செத்திட்டுது. ஒண்டும் மிஞ்சேல்ல. மரபணுவிலயும் மாற்றம் இல்லை. சாதாரண மலேரியா."

டொக்டருக்கு அன்றே சொன்னேன். "தாங்ஸ் மிஸ்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இப்போது வெளிநாட்டில் இருக்கிறாராம். அவரை வெறுக்கலாம் என்று முயன்றேன். அந்த வெளிறிய முகம் வந்து குறுக்கே நிற்கிறது.

ஷாமினிக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவள் இப்போது கடைகளுக்கு இடியப்பம் போடுகிறாள். நான் சொல்லச் சொல்லப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"அப்ப நேரத்தோட குளிசை குடுத்திருந்தா?"

"சுகமாகியிருக்கும்."

"எத்தனை நாள் குளிசை?"

"மூண்டு நாள்."

இடியப்ப உரலைக் கீழே வைத்தாள். "நீங்க ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அக்கா."

சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஆனால் மருந்தின் மேல் பழியைப் போட்டால், அடுத்து காய்ச்சலோடு வருகிறவனிடமும் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவளிடம் இதை மட்டும் சொன்னேன்.

"கொத்தமல்லித் தண்ணியால இல்லை, ஷாமினி. நீ ஆபிரிக்கா எண்டு சொன்னனீ. கேட்ட ஆக்கள்தான் காதில வாங்கேல்ல. பிழை உன்னில இல்லை."

அதற்குப் பிறகுதான் அழுதாள். உன் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது ஓய்ந்தபின் கேட்டாள்.

"அது இன்னும் உயிரோட இருக்கா?"

"ஓம்."

"அவர் இல்ல. அது இருக்கு." மாப் பட்ட கையால் முகத்தைத் துடைத்தாள். "கொன்னுடுங்க அக்கா."

பேராசிரியரிடம் சொன்னேன். அப்படியான இரத்த மாதிரி எங்களுக்கு மறுபடி இலேசில் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "தந்த ஆக்கள் திருப்பிக் கேட்டா, நாங்கள் வச்சிருக்கேலாது" என்றார். உறைய வைத்திருந்தவற்றையும் வெளியே எடுத்து, எல்லாவற்றுக்குள்ளும் குளோரின் கரைசல் ஊற்றினேன். சிவப்பு பழுப்பாகியது. நிம்மதி வரும் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நான் முதல் நாள் பார்த்த ஸ்லைடை மட்டும் வைத்துக்கொள்ள ஷாமினி சம்மதித்தாள். "டொக்டர்மார் பாக்கட்டும்" என்றாள். அதைக் கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகிறேன். காய்ச்சல்காரன் எங்கே போய் வந்தான் என்று கேளுங்கள் என்கிறேன். சிலர் போனைப் பார்க்கிறார்கள். சிலர் கொட்டாவி விடுகிறார்கள்.

போன மாதம், நான் ஸ்லைடோடு போயிருந்த ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாணிக்கக்கல் வாங்க ஆபிரிக்கா போய்வந்த பொடியன், உன் வயதுதான் இருக்கும். எங்கே போய் வந்தாய் என்று அங்கிருந்த டொக்டர் கேட்டிருக்கிறார். கேட்டபடியால் இரத்தம் பார்த்தார்கள், இருந்தது. குளிசை குடித்து, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான். அவனுடைய தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் மகள்" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நிரோ. கோபம் வந்தது. அவன் பிழைத்ததில் கோபம். வராந்தாவில் போய் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை வேறு யாரிடம் சொல்வேன்? நீ என்ன நினைப்பாய்?

ஆனாலும் போவேன். எந்த வார்டிலிருந்து கூப்பிட்டாலும் போவேன். கோபத்தோடு போனாலும் பார்க்க வேண்டியதைச் சரியாகப் பார்ப்பேன். எப்போதாவது ஒருநாள், பிள்ளையைத் திரும்பப் பெற்ற ஒரு தாயின் முகத்தைப் பார்த்து முழு மனதோடு சிரிப்பேன். அது எப்போது வரும் என்று கேட்காதே. வரும்வரைக்கும் போய்க்கொண்டிருப்பேன், அதை மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன்னோடு கூடப் பிறந்தவள்,
உன் அக்கா