ஒரு கட்டை கம்மி

ஜூன் 15, 2025 - ஞாயிறு

காலைப் பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு நடுவில் கீபோர்டின் இரண்டு கட்டைகள் ஊமையாகிவிட்டன. பாடகர் குழு தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகிறது. நான் மட்டும் பல் போன வாயால் பேசுகிறவள் மாதிரி வாசிக்கிறேன். சாமியார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இனி இதை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் தீர்ப்பு சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ குடுத்தா, அந்த ரிப்பேர்காரர் நம்ம வீட்டுக்கே குடி வந்துருவாரு." வீட்டுக்காரருக்கு நான் வாசிப்பதில் வருத்தமும் இல்லை, அக்கறையும் இல்லை. அதுவே பெரிய புண்ணியம்.

மணிமேகலைக்கு ஃபோன் செய்தேன். துள்ளிக் குதிக்கிறாள். "புதுசு வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போடி. நீ பட்டனத்தான் எண்ணிக்கினு இருப்ப. நான்தான் காதால கேப்பேன்."

பழைய பெட்டியை மூடி வைத்தேன். அதில் பல பட்டன்களின் எழுத்தே அழிந்துவிட்டது. எது எதற்கு என்று என் விரலுக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அதைப் பற்றி இன்றைக்கு எழுத மனசில்லை.

ஜூன் 18 - புதன்

வேண்டியவை: தூக்கிக்கொண்டு பஸ் ஏறக்கூடிய எடை. அந்தக் காலத்துப் பாட்டுகளில் வருகிற ஆர்கன் சத்தம், பிளாஸ்டிக் வாடை இல்லாமல். எலக்ட்ரிக் பியானோ - மெல்லத் தொட்டால் சின்ன மணி மாதிரி, ஓங்கித் தட்டினால் உறுமவும் வேண்டும்.

நாங்கள் மூன்றே பேர் உள்ள ட்ரூப். கம்பெனியில் தரச் சோதனையில் நானும் மணிமேகலையும் பதினொரு வருஷமாக ஒரே மேசை. டிஸ்பாட்ச்சில் இருக்கும் ராஜ்குமார் ரிதம் பேட் தட்டுவான். கல்யாண ரிசப்ஷன், கம்பெனி ஆண்டு விழா, கோயில், சர்ச் எல்லாம் உண்டு. தமிழ் பாதி, தெலுங்கும் கன்னடமும் மீதி. அவள் பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். என் வாசிப்புக்காக இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஜூன் 22 - ஞாயிறு

பெங்களூரு கடையில் மூன்று மணி நேரம். கடைசியில் இரண்டு தேறின.

சிவப்பு: ஏழு கிலோ சொச்சம். ஆர்கனுக்கென்று ஒன்பது நீளப் பட்டைகள். இழுத்தால் சத்தம் தடிக்கிறது, தள்ளினால் மெலிகிறது. வால்யூமை மேலே தள்ளியே பழகின கை, நான்கு தடவை ஏமாந்தது. ஒரு சுவிட்ச் தட்டினால் ஸ்பீக்கர் சுழல்வது போல சத்தமே சுற்றுகிறது. மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடிப்பதை மூன்று தடவை போட்டுப் போட்டுக் கேட்டேன். எலக்ட்ரிக் பியானோ நான் கேட்டபடியே உறுமியது.

கறுப்பு: பதினொன்றரை கிலோ. பட்டை கிடையாது. ஆர்கன் பரவாயில்லை ரகம்.

ஆளுக்கொரு காதாக ஹெட்ஃபோனை வைத்துக் கேட்டோம். சிவப்பில் ஒரு பழைய பாட்டின் முன்னிசையை வாசித்ததும் மணிமேகலை என் தோளில் அடித்தாள். "இதாண்டி! வேற பேச்சே வேணாம்." பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். சிவப்பில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் நட்ட நடுவில் இருக்கிறது. போட்டால் செக்கச்செவேலென்று விளக்கு எரிகிறது, திரையில் 'மைனஸ் 2' என்று கொட்டை எழுத்து. மேடையில் அவள் பாட்டு நோட்டு என் கீபோர்டின் மேல்தான் இருக்கும். அவள் கண் முழு நேரமும் அங்கேதான்.

கறுப்பில் அது மெனுவுக்குள் நாலு படி இறங்கினால்தான் இருக்கிறது. விளக்கு கிடையாது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மணிமேகலை பஸ்ஸில் ஓசூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 23 - திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும்.

2023 மே மாதம் மணிமேகலைக்குத் தைராய்டு ஆபரேஷன். பேச்சு வந்துவிட்டது, மேல் ஸ்தாயி வரவில்லை. முதல் ஒத்திகையில் சரணத்தில் குரல் கிழிந்தது. அவள் அழவில்லை, நோட்டை மூடி வைத்துவிட்டு "இனிமே நான் பாடறதா இல்ல எஸ்லின்" என்றாள். கட்டையை இறக்கிப் பாடு என்றால் கேட்பாளா இவள்? யாராவது பாடகர் சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால், "ஒரிஜினல் ஸ்கேல்ல பாட முடியாதவங்க மைக்க தொடவே கூடாது" என்று கிண்டல் அடிக்கிறவள்!

அக்டோபரில் ஊத்தங்கரையில் ஒரு ரிசப்ஷன். கெஞ்சிக் கூட்டிப்போனேன். சொல்லாமல் ட்ரான்ஸ்போஸை இரண்டு தட்டு தட்டி சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்தேன். விரல் வாசிப்பது பழைய இடத்தில், வருகிற சத்தம் ஒரு கட்டை கீழே. அவள் பாடினாள். கிழியவே இல்லை. மேடையை விட்டு இறங்கினதும் என்னைக் கட்டிக்கொண்டு, "வந்துருச்சுடி! என் கொரலு வந்துருச்சு!" என்றாள்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியுமா? முடிந்திருக்காது. சரி, மறுநாள்? மறு வாரம்? இரண்டு வருஷமாகப் போகிறது.

ராஜ்குமார் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, இது ஒரிஜினல் இல்லியே?" என்றான். வாயை மூடிக்கொண்டு தட்டு என்றேன். மூடிக்கொண்டான்.

விரலாலேயே ஒரு கட்டை இறக்கி வாசிக்கிறவர்கள் உண்டு, எனக்கு அந்த வித்தை வராது. வந்திருந்தால் சிவப்பை வாங்கியிருப்பேன். விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கூட யோசித்தேன். திரைக்கு எதை ஒட்டுவது?

ஜூன் 29 - ஞாயிறு

கறுப்பை வாங்கிவிட்டேன். மணிமேகலையிடம், சர்ச்சுக்கும் சேர்த்து இதுதான் தோது, கட்டைகள் இதில் உறுதி என்று என்னென்னமோ அளந்தேன். "காது இருக்கறவங்க யாராச்சும் அத விட்டுட்டு இத வாங்குவாங்களா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

ஜூலை 13 - ஞாயிறு

நாகரசம்பட்டியில் மாந்தோப்புக்காரர் வீட்டுக் காதுகுத்து. பதினொன்றரை கிலோவைக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இடம் மாற்றி ஏற்றுவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் பிடித்து வந்த மணிமேகலை, "அந்தச் செவப்பு இருந்தா இடுப்புல வெச்சுக்கினு வந்திருப்போம்" என்றாள். நியாயம்தான்.

ஆர்கன் வரும் இடங்களில் சத்தம் சப்பென்று இருந்தது. அவள் மட்டும் அபாரம். கடைசிப் பாட்டை முழுசாக வீடியோ எடுக்கச் சொல்லி ராஜ்குமாரிடம் ஃபோனைக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 6 - புதன்

அந்த வீடியோ எங்கெங்கோ சுற்றி பெங்களூருவில் ஒரு பெரிய ட்ரூப்பின் கைக்குப் போயிருக்கிறது. வருகிற 17-ஆம் தேதி வந்து பாடிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கிட்டார், பேஸ், வயலின், எல்லாம் ஆட்கள் வாசிப்பது. கேன்டீனில் என் தட்டில் இருந்த வடையையும் எடுத்துத் தின்றுகொண்டே சொன்னாள். "நாப்பது வயசுக்கு மேல என்னக் கூப்பிடறாங்கடி!"

அங்கே ஒரிஜினல் ஸ்கேலில்தான் எடுப்பார்கள்.

சொல்லிவிடு எஸ்லின். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 9 - சனி

இன்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13 - புதன்

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்தேன். "உனக்கொன்னு சொல்லணும்" என்றும் சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள் - அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அன்னிக்கு அந்தப் பச்சைப் பொடவையக் கட்டிக்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. சீ!

ஒரு மைக்ரான் பிசகினால் பெட்டி பெட்டியாக ரிஜெக்ட் செய்து சூப்பர்வைசரிடம் சண்டை போடுகிறவள் நான்.

ஆகஸ்ட் 16 - சனி

துணைக்கு வரச் சொன்னாள். நாளை எனக்கு ஓவர்டைம் என்றேன். ஓவர்டைம் இல்லை.

ஆகஸ்ட் 17 - ஞாயிறு

ஃபோன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 18 - திங்கள்

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டு எடுத்து வரவில்லை. கத்தவில்லை, யாரோ இன்னொருத்திக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"கீபோர்டு வாசிச்சவரு வயசானவரு, கன்னடக்காரரு. எந்த ஸ்கேலும்மான்னு கேட்டாரு. ஒரிஜினல்தான்னேன். பெருமையா சொன்னேன்டி. சரணத்துல போயி ஒடஞ்சுது. பயத்துல அப்பிடி ஆயிருச்சுன்னு சொல்லி மறுபடி எடுத்தேன். மறுபடியும் ஒடஞ்சுது. ரூம் பூரா ஆளுங்க. நான் பாடுவேன், வேணும்னா பாருங்கன்னு நாகரசம்பட்டி வீடியோவப் போட்டுக் காமிச்சேன். அவரு அதக் கேட்டுக்கினே கீபோர்டுல தொட்டுப் பாத்துட்டு, 'இது ஒரிஜினல் அல்லம்மா, ஒரு கட்டை கம்மி'ன்னாரு. பாவம், மெல்லமாத்தான் சொன்னாரு. அதான் இன்னும் கேவலமா இருந்துச்சு."

பிறகு கேட்டாள்: "எப்பருந்து?"

"ஊத்தங்கரை."

எழுந்து போய்விட்டாள். மத்தியானம் அவள் இடத்தில் வேறு ஒரு பெண் இருந்தாள். தலைவலி என்று லீவு சொல்லிவிட்டுப் போனாளாம்.

ஆகஸ்ட் 24 - ஞாயிறு

பூசை முடிந்து நேராகப் பாகலூர் ரோட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். அதைக் குடிக்க முடியவில்லை.

உனக்காகத்தான் செய்தேன் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"எனக்காகவா? நான் பாடலன்னா உனக்கு மேடை ஏது? அதயும் சேத்துச் சொல்லு."

உண்மை. அதுவும்தான் காரணம். தலையை ஆட்டினேன்.

"கொரலு போனது ஆபரேஷன்ல. அத நான் தாங்கியிருப்பேன் எஸ்லின். அழுதிருப்பேன், ஆறு மாசம் பாடாம இருந்திருப்பேன், அப்பறம் பழகியிருப்பேன். ரெண்டு வருஷமா எது என் கொரலுன்னு எனக்கே தெரியாம வெச்சிருந்தது நீ. நான் தாங்க மாட்டேன்னு நீயா முடிவு பண்ணிட்ட."

மன்னிச்சிரு என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரியில் ஒன்றுமே இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

ஆகஸ்ட் 31 - ஞாயிறு

சிவப்பை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜூலையில் காதுகுத்து வீட்டிலேயே விளக்கைப் பார்த்திருப்பாள். அத்தனை பேர் நடுவிலும் என்னை நிற்க வைத்துத் திட்டியிருப்பாள். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அதோடு போயிருக்கும். அந்நியர்கள் நிறைந்த அறையில் அவள் போய் நின்றிருக்க வேண்டாம். நான் கெட்ட சத்தத்தைத் தேடிப்பிடித்து, அதிக எடையைத் தூக்கிச் சுமந்து, அவளை அங்கே அனுப்பினேன். எவ்வளவு பாடுபட்டு ஒரு தப்பைச் செய்திருக்கிறேன்!

செப்டம்பர் 11 - வியாழன்

மணிமேகலை ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள். கேட்டில் அவள் ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வரும்போது நாங்கள் வெளியே போகிறோம்.

அக்டோபர் 1 - புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு, பூ, பொரிகடலை. ஒவ்வொரு வருஷமும் பிரஸ் மெஷின்கள் நடுவில் மணிமேகலை பாடுவாள், நான் வாசிப்பேன். இந்த வருஷம் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். "உங்க ட்ரூப் என்னாச்சு மேடம்?" என்று எச்.ஆர். கேட்டார். அவளுக்கு வேறு ஷிஃப்ட் என்றேன். இப்போதும் சாக்குதான் நாக்கில் முதலில் வருகிறது.

நவம்பர் 16 - ஞாயிறு

ராஜ்குமார் வந்திருந்தான். சூளகிரியில் ஒரு ட்ரூப்பில் சேர்ந்திருக்கிறானாம். ரொம்ப நேரம் இழுத்துவிட்டு, "மணியக்காவும் அங்கதான்" என்றான். நல்லது என்றேன். மனசார. இல்லை, முழு மனசார இல்லை. அவன் போன பிறகு கறுப்பைத் திறந்து ஆர்கனைப் போட்டு, அவள் பாடும் பாட்டுகளின் முன்னிசையை மட்டும் வரிசையாக வாசித்தேன். முன்னிசை முடிந்ததும் நிறுத்தவேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 8, 2026 - ஞாயிறு

எங்கள் லைனில் வேலை செய்யும் அனிதாவுக்கு இன்று சாயங்காலம் சூளகிரி மண்டபத்தில் ரிசப்ஷன். யாருடைய கச்சேரி என்று தெரியாமல்தான் போனேன். நுழையும்போதே மைக்கில் அவள் குரல். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கீபோர்டில் யாரோ இளைஞர். பாட்டுக்கு முன்னால் அவரிடம் மைக்கிலேயே சொன்னாள்: "தம்பி, ஒரு கட்டை எறக்கிக்கோங்க." பிறகு எங்களைப் பார்த்து, "ஆபரேஷனுக்கு அப்பறம் என் கொரலு இதான். ஒரிஜினல் கேக்கணும்னா ரேடியோவுல கேட்டுக்கோங்க" என்றாள். மண்டபமே சிரித்தது.

பாடினாள். ஸ்கேல் நான் இறக்கி வைத்திருந்த அதேதான். ஆனால் என்னோடு பாடும்போது பழைய குரலைப் போலவே பாடப் பார்ப்பாள். இன்று அப்படிப் பார்க்கவில்லை. கீழே இருக்கும் இடங்களில் அவசரமில்லாமல் நின்றாள். அங்கே அந்தக் குரலுக்கு இப்படி ஒரு கனம் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு வருஷம் வாசித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தப் பாட்டுக்கு நான் வாசித்திருப்பேன். அழுகை வந்தது. கல்யாண வீட்டில் அழுதால் தப்பாக நினைப்பார்கள் என்று எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனேன்.

திரும்பும்போது எதிரே வந்தாள். பாட்டுக்கு இடைவேளை போலிருக்கிறது. நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. நன்றாகவே சிரித்தாள்.

"வாங்க எஸ்லின். நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா?"

பதினொரு வருஷத்தில் என்னை ஒருநாள் கூட 'ங்க' போட்டுப் பேசினதில்லை அவள்.

"ஆச்சுங்க" என்றேன். நான் இன்னும் பந்தியில் உட்காரவே இல்லை.