லூயிஸ் கடையின் நிக்கல் பாட்டரிகள்

ராயபுரம்
12-2-1951

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் குழந்தை லூர்துவும் சுகம். கல்கத்தாவில் குளிர் விட்டதா?

என் கல்லூரியிலிருந்து ஆலிஸ் டீச்சர் எழுதியிருக்கிறார். ஜூலையில் ரசாயனச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை தருவார்களாம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மரியம் அக்கா சம்மதம். அவர் வீட்டுக்காரர், உங்கள் லூயிஸ் அண்ணன்தான், "தம்பி சொல்லட்டும்" என்கிறார். சொல்லுங்கள்.

முன் அறை முழுக்க அண்ணனின் பாட்டரிக் கடைதான். பட்டாளத்து ஏலத்தில் நிக்கல் பாட்டரிகள் எடுத்து வந்தார். அமிலத்தின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "எவ்ளோ சார்ஜ் போட்டாலும் ஏறலியே, எல்லாம் செத்த மாலு" என்று பழைய இரும்புக்குப் போடப் போனார். ஈயப் பாட்டரிக்குத்தான் அந்தக் கணக்கு. நிக்கலில் இருப்பது காரத் தண்ணீர்; சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் அதன் கனம் மாறாது. "விளக்கை மாட்டிப் பாருங்கள்" என்றேன். "இன்னாம்மா, காலேஜில பாட்டரிக்கு நாடி புடிக்கக் கத்துக் குடுத்தாங்களா?" என்று சிரித்தார். விளக்கு நின்று எரிந்தது. அப்புறம் சிரிக்கவில்லை.

காரம் தரையில் சிந்துகிறது. தவழ்கிற பிள்ளை. அவளைப் புடவைத் துண்டால் கட்டில் காலில் கட்டி வைக்கிறேன்.

உங்கள் ஐரீன்


கிதிர்பூர், கல்கத்தா
3-3-1951

அன்பே ஐரீன்,

உனக்கும் லூர்துக்கும் முத்தங்கள். அண்ணன் கடிதம் கண்டேன். படகுக்காரர் ஹுமாயூன் பாய் தன் லாஞ்சு விளக்குகளுக்கெல்லாம் நம் நிக்கல் பாட்டரிதான் வேண்டும் என்கிறாராமே! ஐரீன் இல்லாவிட்டால் கடையே இல்லை என்று எழுதியிருக்கிறார். கெட்டிக்காரி! இந்த நேரத்தில் வேலைக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? படிப்பு எங்கும் போய்விடாது. அடுத்த வருஷம் பார்க்கலாம். பிள்ளையைக் கட்டிப்போடாதே, பாவம்.

உன் அருள்பிரகாசம்


ராயபுரம்
9-6-1951

அன்புள்ள அத்தானுக்கு,

நிக்கல் தகடு சார்ஜ் இறங்கி வருஷக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. என்னையும் அப்படி நினைத்துவிட்டீர்கள். ஆலிஸ் டீச்சர் இந்த மாத முடிவுவரைதான் இடத்தை வைத்திருப்பார்.

லூர்து நடக்கிறாள், புடவைத் துண்டு விடுகிற தூரம் வரை.

நேற்று ஹுமாயூன் பாய் பாட்டரிகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். "பாதி வழி போறதுக்குள்ள வெளக்கு மங்கிப் பூடுதுபா" என்றார். மூடி விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈயப் பாட்டரிப் பழக்கத்தில் அண்ணன் மூடிகளைத் திறந்தே போட்டிருக்கிறார். காற்று பட்டுக் காரம் கெட்டுவிட்டது. பழையதைக் கொட்டிப் புதுக் காரம் ஊற்றினால் போதும். தகடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இன்னா ஆச்சு, பாத்து சொல்லும்மா" என்று அண்ணன் எல்லோர் முன்னும் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதா? பின்ன இன்னாத்துக்கு உன்ன வூட்ல வெச்சிகினு கீறோம்?"

மரியம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு நீங்களே எழுதலாம். எனக்கு எழுதும்போது, அவர் என்னைக் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஐரீன்