என்னைத் தேட என்னையே அனுப்பிய உன் உம்மா

அன்பு மகள் சாதியாவுக்கு உன் வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே சிங்கப்பூரில் உன் உம்மா சுகம், நானும் சுகம். நான் என்றால் ஒரே ஒரு ஆள்தான், இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும். அங்கே கிளாஸ்கோவில் ஓயாத மழை என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா, மதியச் சாப்பாட்டை ரொட்டித் துண்டோடு முடித்துவிடுகிறாயா என்று இங்கே ஒரே கவலை.

நீ போனில் கேட்கும்போதெல்லாம் எல்லாம் சரியாயிடுச்சு மா என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறேன் என்று உனக்குக் கோபம். இந்த வீட்டில் நான் போன் பேசினால் உன் உம்மா அடுப்படியிலிருந்தே திருத்தம் சொல்கிறாள், அப்புறம் எங்கே பேச. இன்று அவள் கிளினிக்கில் நடக்கும் சமையல் வகுப்புக்குப் போயிருக்கிறாள், கற்றுக்கொள்ள இல்லை, சொல்லிக்கொடுக்கிறவரைத் திருத்த. அவளை மருத்துவமனையில் சேர்த்ததும் வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தெரியும், நடுவில் நடந்தது தெரியாது. முதலிலிருந்து எழுதுகிறேன், சிரிப்பு வந்தால் சிரி, அவளே இப்போது சிரிக்கிறாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நம் அடுக்குமாடி பிளாக்கில் புதுப்பிப்பு வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். வாசல் கதவையும் கிரில்லையும் மாற்றினார்கள், குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள், ஒரே தூசியும் இரைச்சலும். அதற்கு முன்பே உன் உம்மா சரியாகத் தூங்கவில்லை, சாப்பாடும் குறைந்திருந்தது, வயது என்று நான் நினைத்தேன். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள், கதவை மாத்தினாங்க, பாத்ரூமை மாத்தினாங்க, அப்படியே வீட்டையும் மாத்திட்டாங்க, மச்சானையும் மாத்திட்டாங்க, ஆனா வேலை சுத்தமா செஞ்சிருக்காங்க, குத்தம் சொல்ல முடியாது. விளையாடுகிறாள் என்று நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உக்காருங்க பாய், டீ குடிக்கிறீங்களா என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை மச்சான் என்று கூப்பிட்டவள் பாய் என்கிறாள் மகளே. விருந்தாளிகளுக்கு மட்டும் வெளியே வரும் அந்தத் தங்க விளிம்புக் கோப்பையில், கீழே தட்டு வைத்து, பிஸ்கட் வைத்து டீ வந்தது. எனக்கு அந்தக் கோப்பை கிடைத்தது அதுவே முதல் தடவை. அன்னிய ஆணோடு தனியாக இருக்கக் கூடாது என்று வாசல் கதவைப் பகல் முழுக்க அகலத் திறந்து வைத்தாள், வராந்தாவில் போகிற வருகிறவர்களெல்லாம் நான் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டு போனார்கள். படுக்கையறைக்கு உள்ளே தாழ்ப்பாள், எனக்கு ஹாலில் கோரைப்பாய். தப்பா நினைக்காதீங்க பாய், அவரு வந்தா என்ன நினைப்பாரு என்பாள். நான் என் அடையாள அட்டையைக் காட்டினேன், வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அச்சு அசலா இருக்கு என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தாள். எங்கள் நிக்காஹ்வில் யார் யார் வந்தார்கள், நீ பிறந்தபோது எந்த மருத்துவச்சி என்று எல்லாம் ஒப்பித்தேன். நல்லா படிச்சுட்டு வந்திருக்கீங்க, எங்க வீட்டுக்காரருக்கே இவ்வளவு ஞாபகம் கிடையாது என்றாள். அதற்குமேல் நான் என்ன நிரூபிக்க முடியும் சொல்.

ஒருநாள் என்னைக் காணோம் என்று போலீசில் சொல்லக் கிளம்பினாள், தனியாகப் போகப் பயந்து என்னையே துணைக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த போலீஸ்காரப் பையன் பெயர் இம்ரான், நம் ஆள்தான், மரியாதையாக உட்காரவைத்தான். காணாமல் போனவர் படம் இருக்கிறதா என்று கேட்டான், அவள் உன் பட்டமளிப்பு விழாவில் எடுத்த படத்தைக் கொடுத்தாள். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். ஆன்ட்டி, இவரு பக்கத்துலதானே உக்காந்திருக்காரு என்றான். அவள் அவன் பக்கம் குனிந்து, பாத்தீங்களா தம்பி, போலீசையே ஏமாத்துற அளவுக்கு செஞ்சிருக்காங்க, ஆனா இவரைத் திட்டாதீங்க, இவரு நல்ல மனுஷன், இவருக்கும் வீடு வாசல் எங்கேயோ இருக்கும் என்றாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை சாதியா. எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னை வெளியே அழைத்து, அங்கிள், இது டாக்டர்கிட்ட போகவேண்டிய விஷயம் லா, தள்ளிப்போடாதீங்க என்றான்.

நான் தள்ளித்தான் போட்டேன், சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஓதிப் பார்க்கலாம் என்றார்கள், ஓதியும் பார்த்தோம். ஓதிவிட்ட பள்ளிவாசல் ஹஸ்ரத்தே டாக்டரிடமும் காட்டுங்கள் என்றார். அதற்குள் அவள் சோறு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். யாரோ வீட்டு அரிசி, கேக்காம தின்னா ஹராம் என்பதுதான் காரணம். ஒரு காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். ஜாலான் புசார் தெருப் பக்கம் நான் வழக்கமாகப் போகிற இரும்புச் சாமான் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி, எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரா என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள், வெயிலில், வெறும் வயிற்றில். ஒரு கடை வாசலில் மயங்கி விழுந்து, கடைக்காரர்தான் ஆம்புலன்சையும், அவள் கைப்பேசியிலிருந்து என்னையும் கூப்பிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முக்காடு விலகி நடைபாதையில் கிடந்தாள், நான் சரிசெய்யக் கையை நீட்டினேன், கண்ணைத் திறந்து, வேணாம் பாய், நானே போட்டுக்கறேன் என்றாள். அந்த இடத்தில்தான் மகளே எனக்குச் சிரிப்பு நின்றது.

மனநல வார்டில் சேர்க்கவேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னார். எனக்கு விளங்கும்படி சொன்னார், முகம் அவங்களுக்குத் தெரியுது, ஆனா முகத்தோட சேந்து வரவேண்டிய நம்ம ஆளுங்கற உணர்வு வரல, அதனால மனசு தானா ஒரு கதை கட்டிக்குது, ரொம்ப நாள் மனச்சோர்வு இருந்திருக்கு, மருந்து கொடுத்தா மாறும், வாதாடாதீங்க, பொய்யும் சொல்லாதீங்க என்றார். வாதாடவும் கூடாது பொய்யும் சொல்லக் கூடாது என்றால் குடும்பத்தில் பேச்சுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். உன் உம்மா வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தாள், இங்க நாற்காலி எல்லாம் பழசா இருக்கு, இதை யாரும் மாத்தல, இங்கேயே இருக்கேன் என்றாள். நான் கிளம்பும்போது, நீங்க வீட்டுக்குப் போங்க பாய், அவரு வந்தா கதவு திறக்க ஆள் வேணும்ல என்றாள். புதுக் கதவைத் திறந்துகொண்டு அந்த வீட்டுக்குள் நான் போனபோது எனக்கே அது வேறு வீடாகத்தான் இருந்தது.

தினமும் போனேன். போனால் என்னைப் பற்றி என்னிடமே பேசுவாள். டீ ஆறிட்டா கத்துவாரு, ஆனா எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வெச்சுத் தருவாரு, உப்பு மட்டும் போட மறந்துடுவாரு என்பாள். இதையெல்லாம் அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அவரைப் பாத்தா பிரஷர் மாத்திரை போடச் சொல்லுங்க என்பாள், சொல்லிடறேன் என்பேன், அது பொய் இல்லை. ஒருநாள், தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறிக் கடைப் பக்கம் நிப்பாரு, போய்ப் பாத்துட்டு வாங்களேன் என்று கெஞ்சினாள். போகாமலே போனேன் என்று சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் காலை தேக்காவுக்குப் போய் முகைதீன் கடை முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். யாரைப் பாய் தேடுறீங்க என்று முகைதீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். என்னைத்தான் என்றேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, இங்கதானே நிக்கறீங்க, எலும்போட போடவா எலும்பில்லாம போடவா என்றான். சாயங்காலம் போய் உன் உம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன், போய்ப் பாத்தேன், அங்க நான் மட்டும்தான் நின்னேன். நானும் அதற்குள் அவளை நீங்க நீங்க என்றுதான் பேசப் பழகியிருந்தேன், அன்னியப் பெண்ணிடம் வேறு எப்படிப் பேசுவது.

பக்கத்துக் கட்டிலில் தங்கம் என்று தோ பாயோ வட்டாரத்து அம்மாள் ஒருவர், வந்த நாளிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர். உன் உம்மா அவரிடம் பதில் எதிர்பாராமல் காணாமல்போன மச்சான் கதையை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் இருக்கும்போதே அந்த அம்மாள் திரும்பிப் படுத்து, அக்கா, காணாம போனவரு வர்றப்ப வரட்டும், தினமும் வர்ற இந்த ஆளை வெச்சுக்குங்க லா, எங்க வீட்டு ஆளு அசல்தான், இந்தப் பக்கம் ஒருநாள் வரல என்றார். தங்கம் பேசிட்டாங்க என்று நர்சுகள் ஓடி வந்தார்கள், ஒரே கொண்டாட்டம். உன் உம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உங்களுக்கு இதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்ப ஏன் வர்றீங்க என்றாள். உங்களைப் பாக்கத்தான் என்றேன்.

மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. முதலில் தூங்கினாள், அப்புறம் சாப்பிட்டாள், கை கொஞ்சம் நடுங்கியது, டாக்டர் அளவைக் குறைத்தார். ஒரு மத்தியானம் நான் பழம் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், மச்சான், சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுட்டு வந்திருக்கீங்க, வார்டே பாக்குது என்று ஒரு குரல். நான் யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு பழகிப்போயிருந்தது. தங்கம் எழுந்து உட்கார்ந்து, வந்துட்டாரா என்று கேட்டார். வந்துட்டாரு என்றாள் உன் உம்மா, ஏதோ பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல. நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வந்தேன். அதற்குப் பிறகும் சில நாள் காலையில் மச்சான், சாயங்காலம் பாய், அது அப்படித்தான் வரும் போகும் என்றார்கள்.

இப்போது மருத்துவமனைக்கு அலைய வேண்டாம், நம் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பிளாக்கின் கீழ்த்தளத்தில் சமூகக் கிளினிக் இருக்கிறது, மருந்தும் அங்கே, பேச்சும் அங்கே. சுஷ்மிதா என்று ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறாள், சின்னப் பெண், நல்ல பொறுமை. வருகிறபோதெல்லாம் என்னைக் காட்டி, ஆன்ட்டி, இவரு யாரு என்று கேட்பாள். போன தடவை உன் உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, எத்தனை தடவைம்மா கேப்பே, ஆளை மாத்திக் குடுக்குறதா இருந்தா இவரைவிட நல்லவரா கேட்டிருக்க மாட்டேனா என்றாள். மனநிலை ரொம்ப நல்லா இருக்கு அங்கிள் என்று சுஷ்மிதா எனக்குக் கை கொடுத்தாள். நோய் திரும்பக்கூடும், அறிகுறி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். தூக்கம் குறைவது ஒன்று, இன்னொன்று என்ன தெரியுமா, உன் உம்மா என்னிடம் மரியாதையாகப் பேசுவது. மனைவி மரியாதை கொடுத்தால் உடனே நர்சுக்குப் போன் செய்யவேண்டிய புருஷன் இந்தச் சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போதைக்குப் பயமில்லை, நேற்று கூட என்னை நன்றாகத் திட்டினாள், அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. சில நேரம் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த பாய் பாவம், எவ்வளவு பொறுமையான மனுஷன், ஒரு நன்றி கூட சொல்லாம அனுப்பிட்டேனே என்பாள். அது நான்தானேடி என்பேன். தெரியும், இருந்தாலும் என்பாள். அந்த இருந்தாலும் என்பதற்கு மருந்து கிடையாதாம், சுஷ்மிதாவிடம் கேட்டுவிட்டேன், அவங்க சிரிச்சுட்டேதான் சொல்றாங்க அங்கிள், விடுங்க என்கிறாள்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவரவேண்டிய அவசியம் இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு வா, அதுவரை வாரம் ஒருமுறை அவளோடு பேசு, என்ன மருந்து என்று விசாரிக்காதே, என்ன சமைத்தாள் என்று கேள். உன் சிநேகிதிகள் யாராவது கேட்டால் உம்மா மனநல வார்டில் இருந்தாள் என்று நேராகச் சொல், முட்டிவலி என்று மூடாதே, அவளே மூடுவதில்லை, மின்தூக்கியில் அந்நியர்களிடம் கூட வார்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள். தங்கமும் வீட்டுக்கு வந்துவிட்டார், இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் எனக்கு இரவுச் சாப்பாடு தாமதம்தான்.

போனில் கடைசியாக நீ அழுதுகொண்டு கேட்டாய், நான் வந்து நிற்கும்போது உம்மாவுக்கு என்னைத் தெரியாவிட்டால் என்ன செய்வது வாப்பா என்று. அன்றைக்குச் சிக்னல் சரியில்லை என்று சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அனேகமாகத் தெரியும். தெரியாவிட்டாலும் வாசலோடு திரும்பிப் போய்விடாதே. உன் பெயரைச் சொல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார். வந்தவர்களைப் பட்டினியாக அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டு, மறுநாளும் வா.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனமும் தருவானாக, நீ போகிற வழியெல்லாம் அவனுடைய காவலில் இருப்பாயாக. வரும்போது உன் உம்மாவுக்கு அந்த ஊர்க் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி வா, கிளினிக்கில் குளிர் அதிகம் என்கிறாள், மறந்துவிடாதே.

உன் மேல் உயிராக இருக்கும் வாப்பா,
யாக்கூப்