வாட்டில் நின்ற திரைகள்

டோஹா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா விடிய முன் வாவிக்குப் போவதை விட்டாரா?

இங்கே என் வேலை, ஓர் ஆஸ்பத்திரியின் கணினிகளுக்குள் யாரும் களவாக நுழைய வழி இருக்கிறதா என்று ஒரு புரோகிராமால் சோதிப்பது. கணினிகளைத் தொகுதி தொகுதியாகத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். மேலாளர் அவசரப்படுத்தியதால் போன கிழமை எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகப் போட்டேன். பாரம் தாங்காமல் நோயாளிகள் படுத்திருக்கும் ஒரு வாட்டில் அவர்களின் இதயத்துடிப்பைக் காட்டும் திரைகள் நின்றுவிட்டன. தாதி போனில் சொன்னதும் மேலாளர், “முடியட்டும், நிறுத்தாதே” என்றார். நான் நிறுத்திவிட்டேன்; திரைகள் திரும்ப வந்தன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

அறையில் கூட இருக்கும் வாழைச்சேனைக் கிருசிகா, “வேலை போனா ஊருக்குப் போவம், அதுக்கென்ன புள்ள?” என்று சிரித்தாள். வேலை போகவில்லை. இப்போது சின்னத் தொகுதிகளாகத்தான் போடுகிறோம். ஆனாலும் ஒவ்வொன்றைத் தொடங்கியதும் இருக்கமுடியாமல் எழுந்து, அந்த வாட்டு வாசல்வரை போய்த் திரைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஏறாவூர் நிஸ்வர் நானா திரும்பி இங்கே வரும்போது அவரிடம் கொஞ்சம் இறால் கருவாடு கொடுத்துவிடுங்கள். மழை பெய்தால் போனில் அந்தச் சத்தத்தைப் பதிந்து அனுப்புங்கள். நீங்கள் ஒன்றும் பேசத் தேவையில்லை. பின்னால் அடுப்படியில் நீங்கள் நடமாடுவது கேட்டால் போதும்.

நானா கீழே ஹோர்ன் அடிக்கிறார்.

உங்கள் மகள்,
கம்சாயினி