நடவை நிறுத்தும் அக்காவுக்கு

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வயலோரம் படல் கட்டி வெங்காயம் சேமிக்கும் உன் பட்டறையிலிருந்து விதை வெங்காயம் நாலை எடுத்துப்போய், தண்ணீரில் வேர்விட வைத்து, அந்த வேர் நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு செல் இரண்டாகிக்கொண்டிருந்தது.

"எப்பப் பிரியணும், எப்ப நிக்கணும்னு செல்லுக்கு யாரு டீச்சர் சொல்றது?" என்று ஒருத்தி கேட்டாள்.

உன் கதையைச் சொன்னேன். நடவு நாளில் ஆட்கள் வயலில் இறங்கி நிற்பார்கள். நீ ஒவ்வொரு விதை வெங்காயக் கூடையிலும் கைவிட்டுத் துழாவுவாய். ஓர் அழுகல் தட்டுப்பட்டால் போதும். "நில்லுங்கடி! கொட்டிப் பாத்துட்டுதான் நடணும்!" பொழுது ஏறுதென்று மாமா கத்தினாலும் அசைய மாட்டாய்.

செல்லுக்குள்ளும் அப்படிச் சில புரதங்கள் உண்டு என்றேன். பிரியும் முன் டி.என்.ஏ. பழுதில்லாமல் நகலாகியிருக்கிறதா என்று பார்க்கும். பழுதிருந்தால் நிறுத்திச் சரிசெய்யும். முடியாவிட்டால் அந்த செல்லே தன்னை அழித்துக்கொள்ளும். நிறுத்துகிறவையே கெட்டுப்போனால், பழுதோடு பெருகிக்கொண்டே போகும். அதுதான் புற்றுநோய் என்றேன்.

ஒரு வெங்காயத்துக்காக எல்லாரையும் நிறுத்தியவள், உன் மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது மட்டும் ஏன் நிற்கவில்லை? "நடவு முடியட்டும்டி" என்றாய். பிறகு களை, பிறகு அறுவடை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நானும் தலையாட்டினேனே. நோய் முற்றி நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். கோபம் உன்மேல் பாதி, என்மேல் பாதி.

இப்போது ஒரு சேதி. போன வாரம் குளிக்கும்போது எனக்கும் ஒன்று தட்டுப்பட்டது. பதறாதே, என்னவென்று இன்னும் தெரியாது. திங்கட்கிழமை உன் வயலில் நடவு. அது முடியட்டும், பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று உன் மகள் மலரிடம் சொன்னேன். உன் தங்கச்சிதானே நான்!

அவள் உடனே நடவுக்கு ஆள் கூட்டிவரும் பெண்ணுக்குப் போன் போட்டாள். "திங்கக்கெழம நடவு வேணாங்க்கா, ஆளுங்கள நிறுத்திடுங்க. சித்தியப் பெரம்பலூர்ல டாக்டர்கிட்டக் காட்டிட்டுத்தான் மத்ததெல்லாம்."

அப்படியே உன் அதட்டல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

போய்க் காட்டிவிடுகிறேன் அக்கா. டாக்டர் என்ன சொன்னாலும் மலரிடம் மறைக்க மாட்டேன், எதற்காகவும் தள்ளிப்போட மாட்டேன். விதை வெங்காயம் பட்டறையில் காத்திருக்கட்டும்.

உன் மகள் சொல்லுக்கு நின்றுவிட்ட
உன் தங்கச்சி கலா