தக்கோலத்து யானைகளும் செப்டம்பர் வெயிலும்

செப்டம்பர் 6, சனி

பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்குச் சோழர் பக்கம்தான் வேண்டுமாம். ராஷ்டிரகூடர் பக்கம் நிற்கச் சம்மதித்தது ஒரே ஒருவர், மங்களூர்க்காரர். பதினோரு பேர் சேர்ந்து ஒருவரை மொத்தினால் அது போர் இல்லை, தர்ம அடி. சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டேன். குரூப்பில் காலையிலிருந்து ஒரே ஒப்பாரி. வரலாற்றில் தக்கோலத்தில் சோழர் தோற்றார்கள், இளவரசர் ராஜாதித்தர் யானை மேலேயே செத்தார், அதற்கு நான் என்ன செய்ய?

எங்கள் மேசைப்போர்க் கழகத்தின் வருடாந்தரப் பெரிய ஆட்டம் அக்டோபர் 11. இடம் துபாய் அல் கூஸில், உறுப்பினர் ஜெயசீலனின் விளம்பரப் போர்டு செய்யும் வொர்க்‌ஷாப்புக்கு மேல்மாடி. இருபதடி மேசை, விரலளவு வீரர்கள் ஆயிரத்துச் சொச்சம், நான் நடுவர். இந்த வருடமாவது ஆட்டம் முடிய வேண்டும். போன வருடம் மேசையை எட்டடி அகலத்துக்குப் போட்டுத் தொலைத்தேன். நடுவில் இருந்த படைக்கு யார் கையும் எட்டவில்லை. ஜெயசீலன் மேசை மேலேயே ஏறிவிட்டான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாதிப் போரில் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கட்டுமானக் கம்பெனியில் எனக்கு வேலையே பிளானிங்கும் சைட் பாதுகாப்பும்தான், இதில் வெட்கம் வேறு. இந்தத் தடவை அகலம் ஐந்தடிதான்.

நல்ல செய்தி ஒன்று. கழகத்து ஃபாரூக் பாய் தன் பொம்மை யானைகளைத் தருகிறார். பதினான்கு. யாருக்கும் தராதவர். தொடக்கூட விடமாட்டார், சொந்த ரூமில் இருப்பவர்களுக்கே பெட்டியைத் திறந்து காட்டியதில்லை. ஆட்டத்தன்று அவருக்கு வேறு இடத்தில் காலைச் சரக்கு இறக்கம் இருக்கிறது, நேராக ஆட்டத்துக்குத்தான் வருவார். அதனால் முன்கூட்டியே என்னிடம் தந்து மேசையில் அளவு பார்க்கச் சொல்கிறார். “நீ லிஸ்ட் போட்டு வேல செய்யிற ஆளு தங்கச்சி. உன்னய நம்பலாம்.”

செப்டம்பர் 9, செவ்வாய்

வருகிறவர்கள் பட்டியல், மேசைப் பட்டியல், பகடைப் பட்டியல், பிரியாணிப் பட்டியல். எதெல்லாம் கெட்டுப் போகலாம் என்று தனியாக ஒரு பட்டியலும் போட்டேன். பதினேழு வரி.

செப்டம்பர் 12, வெள்ளி

பதினெட்டாவது வரியாக வெயிலை எழுதியிருக்க வேண்டும்.

வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்கு அபுதாபி முசஃபாவில் ஃபாரூக் பாய் கடையில் பெட்டியை வாங்கினேன். நட்டு போல்ட்டு அட்டைகளுக்கு நடுவிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தந்தார். அங்கிருந்து நேராக அல் கூஸ் போவதாக இருந்தது. வழியில் சைட்டிலிருந்து போன். கிரேன் பெர்மிட்டில் என் கையெழுத்து வேண்டும், அஞ்சு நிமிஷம் மேடம். மெட்டீரியல் பாஸ் இல்லாமல் எந்தப் பெட்டியையும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். பின் சீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். ஐந்து நிமிஷம் இரண்டே கால் மணி நேரம் ஆனது.

திரும்பி வந்து காரைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்டது போல இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அவை ஈயம் இல்லை. ஜெயசீலன் 3D பிரிண்டரில் எடுத்த பிளாஸ்டிக்.

பதினான்கும் படுத்துவிட்டன. தும்பிக்கை தரையில், கால்கள் நாலு பக்கமும், அம்பாரி சாய்ந்து. ஒன்று இன்னொன்றின் முதுகில் தலையை வைத்துத் தூங்குகிறது.

மத்தியான வெயிலில் ஒருத்தனையும் வேலையில் நிறுத்தக் கூடாது என்று ஜூன் மாதம் சைட் முழுக்க நோட்டீஸ் ஒட்டியவள் நான்தான். அடிப்பாவி. உனக்கு அறிவு இருக்கா? மனுஷனுக்கு ஆகாத வெயில் யானைக்கு ஆகுமா?

செப்டம்பர் 13, சனி

ஓமானில் சோஹாரிலிருந்து இவர் வந்தார். என் வீட்டுக்காரர் அம்மையப்பனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்டர் தாண்டி வருவார். வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஏன் தண்டால் எடுக்குது?” என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

வெந்நீரில் போட்டால் இந்தப் பிளாஸ்டிக் இளகும், நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும் என்று இவர்தான் எங்கோ படித்துச் சொன்னார். இட்லிப் பானையில் வெந்நீர். கரண்டியில் ஒவ்வொன்றாக இறக்கினோம். நான் காலைப் பிடிக்க, இவர் தும்பிக்கையை நிமிர்த்த. பெயிண்ட்கூடப் போகவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று என்று நிமிர நிமிர எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் கடைசி யானையை அதிக நேரம் விட்டேன். தும்பிக்கை முறிந்தது, முகம் வழிந்தது. பெரிய யானை. ராஜாதித்தருடையது.

அடியில் ஒட்டியிருந்த மரப்பலகை மட்டும் தனியாகக் கழன்று வந்தது. துடைத்துத் திருப்பினேன். கறுப்பு மையில் பொடி எழுத்து: “9-6-2020. மின்ஹா பொறந்துட்டா. ஃபிளைட் மாஃபி.”

கொரோனா சமயம், ஊருக்கு விமானமே இல்லை. கீழக்கரையில் மகள் பிறந்திருக்கிறாள். இங்கே ரூமில் அடைந்து கிடந்த மனுஷன் அன்றைக்கு இந்த யானைக்கு வர்ணம் தீட்டியிருக்கிறார்.

நான் அதை வேகவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாய் போன் பண்ணினார். “யானை எல்லாம் சொகமா?”

“பத்திரமா இருக்கு பாய்.”

ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செப்டம்பர் 17, புதன்

ஜெயசீலனிடம் மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பழைய ஃபைல் இருக்கிறதாம், அதே யானையை எடுத்துத் தருகிறானாம். “பழைய பலகையிலயே ஒட்டிருங்கக்கா. எழுத்தும் அப்படியே இருக்கும். பாய்க்கு என்னைக்குமே தெரியாது. கலாஸ், முடிஞ்சுது.”

கேட்டதும் மனசு லேசானது. இதை எழுதும்போது மறுபடி கனக்கிறது.

செப்டம்பர் 20, சனி

புது யானை வந்துவிட்டது. அச்சு அசல். பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்து, முடிந்த அளவு அதே மாதிரி வர்ணம் அடித்தேன். இன்னும் பலகையில் ஒட்டவில்லை. பசை இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஒட்டவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பாயிடம் மூன்று தடவை பேசினேன். மூன்று தடவையும் ‘பத்திரம்’.

செப்டம்பர் 27, சனி

பாய் குரலில் இன்றைக்கு ஒரு துள்ளல். மனைவி ஷிரினும் மின்ஹாவும் விசிட் விசாவில் வருகிறார்களாம். “அஞ்சு வயசாச்சு தங்கச்சி. போன்லயே வளர்ந்த புள்ள. ஆட்டத்தன்னிக்கி கூட்டிட்டு வாரேன். நீ பொறந்த அன்னிக்கி வாப்பா செஞ்ச ஆனை இதுதான்னு காட்டணும். பெரிய ஆனை இருக்குல்ல?”

இருக்கு பாய் என்றேன்.

பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா? அவர் அந்தப் பொம்மையைத் தூக்கி மகளிடம் நீட்டுவார். நான் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். சத்தியமாக என்னால் முடியாது. ஆட்டம் நின்றாலும் நிற்கட்டும். அவர் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி. நாளைக்குப் போகிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். வழிந்த யானை, புது யானை, பலகை மூன்றையும் கவுண்டரில் வைத்தேன். கார், கிரேன் பெர்மிட், இட்லிப் பானை எல்லாம் சொன்னேன். ஜெயசீலன் சொன்ன யோசனையையும், அதற்கு நான் பாதி சம்மதித்ததையும்கூட.

பாய் பலகையை மட்டும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் ஒரு பட்டான் டிரைவர் வந்து எட்டு எம்எம் போல்ட் கேட்டார். பாய் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“எத்தன நாளாச்சு?”

“பதினாறு நாள் பாய்.”

“ம்.” கல்லாவை மூடிவிட்டு, “போய்ட்டு வா தங்கச்சி. டியூட்டி இருக்கும்ல.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரில் ஏசி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

போன் இல்லை. குரூப்பிலும் பாய் வாய் திறக்கவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் மற்ற பதிமூன்றை மேசையில் வைக்க மனம் இல்லை. யானை இல்லாமல் தக்கோலம் எப்படி? ஆட்டம் ரத்து என்று ஒரு அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன். இவரிடம் போனில் வாசித்துக் காட்டினேன். “வியாழன் வரைக்கும் பொறு உமா. அவருக்கும் ஆற நேரம் வேணும்ல” என்கிறார்.

அக்டோபர் 2, வியாழன்

ஐந்து மணிக்கு ஆபீஸ் வாசலில் பாயின் வேன் நின்றது.

கண்ணாடியை இறக்கி, “ஏறு” என்றார். ஏறினேன். வண்டியை எடுக்கவில்லை.

“ஆனை போனது போவட்டும். பிளாஸ்டிக்குதானே. அன்னிக்கி ராவே மனசு ஆறிட்டு. ஆறாதது எதுண்டு கேட்டியண்டா, நான் சொகமாண்டு கேக்கக் கேக்க நீ பத்திரம் பத்திரம்ண்டியே, அதுதான்.”

“தப்புதான் பாய். பயந்துட்டேன்.”

“என்னயப் பாத்தா பயமா இருக்கா?”

“இல்ல பாய். நம்பித் தந்தீங்க, அதான் பயம்.”

ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “அந்தப் புது ஆனையைக் கொண்டா. நானே வர்ணம் அடிக்கிறேன். நீ அடிச்சிருக்கியே, எருமை மாதிரி இருக்கு. அதையா புள்ளைக்கிக் காட்டுவேன்?”

நான் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். இருபது நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. ரத்து அறிவிப்பை அழித்தேன். பசித்தது. இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

சீட்டில் பாய்க்கு விழுந்திருப்பது ராஷ்டிரகூடரின் கூட்டாளி, கங்க மன்னன் பூதுகன். ராஜாதித்தரை அம்பு விட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுபவன். மாற்றிக்கொள்ளுங்கள் பாய் என்றேன். “சீட்டுண்டா சீட்டுதான்” என்றார்.

அக்டோபர் 11, சனி

முடிந்தது. முடிந்தேவிட்டது! நாலு ஐம்பதுக்குக் கடைசிப் பகடை. என் ஆட்டம் ஒன்று முடிவு வரைக்கும் போனது இதுதான் முதல் தடவை.

கால் இரண்டும் கெஞ்சுகிறது, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். ஒன்பது மணிக்குப் படைகள் நின்றுவிட்டன. ஐந்தடி மேசையில் எல்லோர் கையும் எட்டியது. இவர் விசிலும் கையுமாக நேரம் பார்த்தார். யாராவது பத்து நிமிஷத்துக்கு மேல் யோசித்தால் துறைமுகத்தில் லாரிக்காரனை விரட்டுகிற மாதிரி “யல்லா, யல்லா” என்று ஒரே கூச்சல். பாதிப் பேர் பயத்தில்தான் வேகமாக ஆடினார்கள்.

மின்ஹா முதல் அரை மணி நேரம் ஷிரினின் துப்பட்டாவுக்குள் இருந்தாள். பாய் அவளைத் தூக்கி மேசையருகே நிறுத்திப் பெரிய யானையைக் காட்டினார். “பலகை நீ பொறந்த அன்னிக்கி உள்ளது. மேல உள்ள ஆனை போன வாரம் செஞ்சது. பழைய ஆனை வெயில்ல படுத்துட்டு” என்றார், உள்ளது உள்ளபடி. அவ்வளவுதான். குழந்தை அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு யானைதான் முக்கியம்.

மதியம் வரை சோழர் கை ஓங்கியிருந்தது. பூதுகனை ராஜாதித்தருக்கு அருகில் கொண்டுவந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அம்பு, இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் இளவரசர் காலி. இது நான் போட்ட விதி. பாய் மூன்று சுற்று எறிந்தார், விழவில்லை. சோழர் பக்கம் ஒவ்வொரு தடவையும் விசில். மூன்றரைக்கு நாலாவது எறிதல். ஆறு. ஆறு.

மாடியே அதிர்ந்தது. சீட்டில் ராஷ்டிரகூடராகி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் பாயைக் கட்டிப் பிடித்தார்கள். மின்ஹா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

“வாப்பா, ஏன் என் ஆனையக் கொன்னீங்க?”

பாய் என்னைக் காட்டினார். “ரூல் போட்டது இந்த ஆன்ட்டி. அவங்கள்ட்ட கேளு.”

செத்த படையை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதும் என் விதிதான். எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதன் பிறகு அந்த யானை மேசைக்குத் திரும்பவில்லை, பெட்டிக்கும் போகவில்லை. பாய் எண்ணிப் பார்த்தார். பதிமூன்று. பெட்டியை மூடினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பன்னிரண்டு மணி வரை தூங்கினேன். எழுப்பாமல் இவரே தோசை சுட்டு வைத்துவிட்டு சோஹார் கிளம்பிவிட்டார்.

நவம்பர் 22, சனி

காலையில் பெல் அடித்தது. திறந்தால் பாய், கடை டிராலியோடு. டிராலியில் ஒன்பது பெட்டி.

குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார், நாற்பது நாள் லீவ். “குதிரை, காலாள், பீரங்கி, அந்தப் பதிமூணு ஆனை. எல்லாம் இதுல இருக்கு. வச்சுக்க.”

“ரூம்ல இருக்கட்டுமே பாய். பூட்டிட்டுப் போலாம்ல?”

“ரூம்ல வைக்கிறதுண்டா உன்ட்ட ஏன் கொண்டு வாரேன்?”

நானும் அவருமாகப் பெட்டிகளை ஹாலில் அடுக்கினோம். டீ குடித்தார். ஃபிளைட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். லிஸ்ட் தரவில்லை. எண்ணிக்கைகூடச் சொல்லவில்லை.

ஹாலில் நடக்க இடமில்லை. இவர் வந்தால் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். வெளியே குளிர் தொடங்கிவிட்டது, பக்கத்து ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் ஏசியை இருபத்திரண்டில் வைத்திருக்கிறேன். கடைக்குப் போனபோதும் அணைக்கவில்லை.